தலைவர் வீட்டு அடுக்களையில் நின்றவர்கள்

சேலத்தில் முதுகலை வரலாறு படிக்கும் மாணவி ஒருவர் மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறார். தேசத் தலைவர்களின் வீடுகளில் சமைத்தவர்களும் பெருக்கியவர்களும் துணி துவைத்தவர்களும் எப்படி வாழ்ந்தார்கள்? பெரிய இடத்து வேலை என்பதால் அவர்களுடைய பிழைப்பு மற்ற வீட்டு வேலையாட்களின் பிழைப்பைவிட மேலாக இருந்திருக்குமா? நம் ஊர்த் தலைவர்களின் வீடுகளில் வேலை செய்தவர்களைப் பற்றி எங்கே தேடுவது? சேலத்திலும் ஏற்காட்டிலும் வீட்டுப் பணியாளர்களை நலவாரியத்தில் பதிவு செய்ய உதவும் வேலையில் நெடுங்காலமாக இருப்பவள் நான். இந்தக் கேள்விகளை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்ததால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தலைவர் எவ்வளவு பெரியவர் என்பதை வைத்து அவர் வீட்டு வேலையாளின் வாழ்க்கையை அளக்க முடியாது. சம்பளம் யாருடைய கணக்கிலிருந்து வந்தது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அரசாங்கக் கணக்கிலிருந்து வந்திருந்தால் அந்த மனிதருக்குப் பதவிப் பெயர் இருந்தது, விடுப்பு இருந்தது, குடியிருப்பு இருந்தது, ஓய்வூதியமும் இருந்தது. தலைவரின் சொந்தக் கையிலிருந்து வந்திருந்தால், அவர் உயிரோடு இருக்கும்வரை அவருடைய மனசையும், அவருக்குப் பின் அவருடைய குடும்பத்தாரின் மனசையும் நம்பித்தான் காலம் தள்ள வேண்டியிருந்தது.

இதை விளக்க நம் மாவட்டத்துக்காரர் ஒருவருடைய வாழ்க்கையே போதும். 1878-ல் அன்றைய சேலம் மாவட்டத்துத் தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி, சேலத்தில் வழக்கறிஞராகப் பெயரெடுத்து, 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தார். 1925 பிப்ரவரியில் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கிக் குடிசைக்குக் குடிபோனார். 1948 ஜூனில் இந்தியாவின் தலைமை ஆளுநராகி, இன்று குடியரசுத் தலைவர் மாளிகை என்று நாம் சொல்லும் 340 அறைகள் கொண்ட டெல்லி மாளிகைக்குள் நுழைந்தார். வக்கீல் வீடு, ஆசிரமக் குடிசை, மாளிகை என்ற இந்த மூன்று வீடுகளிலும் வீட்டு வேலை மூன்று விதமாக நடந்திருக்கிறது. அவற்றைத் தனித்தனியாகப் பார்த்தால் கேள்வியின் பெரும்பகுதிக்கு விடை கிடைத்துவிடும்.

மாளிகையிலிருந்து தொடங்குகிறேன். வைஸ்ராய்க்காகக் கட்டப்பட்ட அந்த இடத்தில் மவுண்ட்பேட்டன் காலத்தில் தோட்டத்துக்கு மட்டுமே 400-க்கும் மேற்பட்டோர் இருந்ததாகச் சொல்லப்படுகிறது. சமையல், பரிமாறல், சலவை, துப்புரவு, விளக்கு, குதிரை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆட்கள் இருந்தார்கள். இராஜாஜி அங்கே போனதும் வைஸ்ராய் வாழ்ந்த பகுதியைத் தவிர்த்துவிட்டுச் சிறிய அறைகளைத் தமக்கு எடுத்துக்கொண்டார். பிறகு வந்த குடியரசுத் தலைவர்களும் அதையே பின்பற்றினார்கள். இந்த எளிமையை நான் மதிக்கிறேன். ஆனால் தலைவர் சிறிய அறையில் படுத்துக்கொள்வதால் மற்ற அறைகளில் தூசு படியாமல் இருப்பதில்லை. விருந்தினர் பகுதியைப் பெருக்குகிறவருக்கு அன்றும் அதே வேலைதான். அந்த வேலையாட்களின் வாழ்க்கையைத் தாங்கிப் பிடித்தவை வேறு ஏற்பாடுகள். வளாகத்துக்குள்ளேயே குடியிருப்பும் பிள்ளைகளுக்குப் பள்ளியும் இருந்தன, பணிமூப்பு கணக்கிடப்பட்டது. தலைவர்கள் வந்து போனார்கள், பணியாளர்கள் இருந்த இடத்திலேயே இருந்து ஓய்வு பெற்றார்கள்.

கணக்கு என்று வந்ததால் அப்துல் கலாம் குடியரசுத் தலைவராக இருந்தபோது நடந்த ஒன்றையும் குறிப்பிட வேண்டும். 2006 மே மாதத்தில் இராமேசுவரத்திலிருந்து உறவினர்கள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் வந்து மாளிகையில் தங்கியிருந்தபோது, அவர்களுடைய தங்கும் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் தனியே கணக்கிடச் சொல்லித் தம் சொந்தப் பணத்திலிருந்து சுமார் மூன்றரை லட்சம் ரூபாயைக் கட்டினார் என்று அவருடைய செயலாளர் எழுதியிருக்கிறார். இதை நேர்மைக்கு எடுத்துக்காட்டாக எல்லோரும் சொல்கிறோம். எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. வீட்டுக்கு வந்த உறவினருக்குக் காபி கொடுப்பது அரசுப் பணியாளரின் கடமைக்குள் தானாக வந்துவிடாது, அதற்கு ஒரு விலை உண்டு என்று அந்த மாளிகையில் ஒருவர் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். தலைவர்களின் வீடுகளில் இது அபூர்வம்.

அமெரிக்க வெள்ளை மாளிகையிலும் அரசுப் பணியாளராக நெடுங்காலம் இருந்தவர்கள் உண்டு. யூஜின் ஆலன் 1952-ல் பாத்திர அறையில் வேலைக்குச் சேர்ந்து, எட்டு அதிபர்களுக்குப் பணிவிடை செய்து, 1986-ல் தலைமைப் பரிசாரகராக ஓய்வு பெற்றார். அவ்வளவு ஆண்டுகள் அரசு விருந்துகளில் நின்றுகொண்டே பரிமாறியவரை, ரீகன் தம்பதியர் ஜெர்மன் தலைவருக்கு அளித்த விருந்து ஒன்றுக்கு மனைவியுடன் விருந்தினராக அழைத்தார்கள்.

அந்த நாட்டின் முதல் அதிபர் வீட்டில் நடந்ததோ வேறு. நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டியது ஓனா ஜட்ஜ் என்ற பெண்ணின் கதை. ஜார்ஜ் வாஷிங்டனின் மனைவி மார்த்தாவுக்கு அருகிலேயே இருந்து உடை தைப்பதும் உடுத்திவிடுவதும் அவளுடைய வேலை. அவளுக்குச் சம்பளம் கிடையாது, அவள் அடிமை. அதிபரின் வீடு அப்போது பென்சில்வேனியா மாநிலத்தின் பிலடெல்பியா நகரில் இருந்தது. அந்த மாநிலத்தில் 1780-ல் வந்த சட்டத்தின்படி, வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமை தொடர்ந்து ஆறு மாதம் அங்கே தங்கினால் விடுதலை கோர முடியும். ஆகவே ஆறு மாதம் நிறைவதற்குள் அவர்களை ஏதாவது ஒரு காரணம் சொல்லி மாநில எல்லைக்கு வெளியே அனுப்பித் திரும்பக் கூட்டிவரும்படியும், அது அவர்களுக்கும் வெளியாருக்கும் தெரியக் கூடாது என்றும் வாஷிங்டன் தம் செயலாளருக்கு எழுதினார். ஒரு நாட்டின் சுதந்திரத்துக்காகப் படை நடத்தியவர் எழுதிய கடிதம் அது. மார்த்தாவின் பேத்திக்குக் கலியாணச் சீராகத் தன்னைக் கொடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், 1796 மே மாதத்தில் ஒரு நாள், வீட்டார் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் ஓனா வெளியேறிக் கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயருக்குப் போய்விட்டாள். அவளைப் பிடித்துத் தருவோருக்குப் பத்து டாலர் என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது. ஆள் அனுப்பியும் பார்த்தார்கள். அவள் திரும்பவில்லை. அங்கேயே திருமணம் செய்துகொண்டு, வறுமையில் உழன்று, 1848-ல் இறந்தாள். சட்டத்தின் கண்ணில் கடைசிவரை அடிமையாகவே இருந்தாள். வயதான காலத்தில் அவளைக் கண்டு பேசியவர்கள், அதிபர் வீட்டு வசதியை விட்டுவந்ததற்காக வருந்துகிறாயா என்று கேட்டபோது, இல்லை, நான் சுதந்திரமானவள் என்றுதான் சொன்னாள். அதே வீட்டில் பெயர்பெற்ற சமையற்காரராக இருந்த ஹெர்குலிஸும் 1797-ல் வாஷிங்டனின் பிறந்தநாளன்று தப்பிப் போனார்.

பெரிய இடத்து வேலை மேலானதா என்ற கேள்விக்கு இதைவிட நேரான விடை எனக்குத் தெரியவில்லை. நல்ல துணி, நல்ல சாப்பாடு, ஊரெல்லாம் மதிக்கும் வீடு என எல்லாம் இருந்தும், வாசலைத் தாண்டும் உரிமை அவளுக்கு இல்லை.

நம் நாட்டில் சொந்தப் பணியாளராகத் தலைவருடன் இருந்தவர்களில் தமிழர்கள் நன்கறிந்தவர் காமராசருடன் இருந்த வைரவன். 1975 அக்டோபர் 2 அன்று சென்னைத் திருமலைப் பிள்ளை சாலை வீட்டில், விளக்கை அணைத்துவிட்டுப் போகும்படி காமராசர் அவரிடம் சொன்னதுதான் கடைசிப் பேச்சு என்று பேசப்படாத காமராசர் விழா இருக்காது. அந்த ஒரு வரியைத் தவிர வைரவனைப் பற்றி மேடையில் யாரும் எதுவும் சொல்வதில்லை. மணமாகாத, வாடகை வீட்டில் வாழ்ந்த, நேரங்காலம் பார்க்காமல் ஆட்கள் வந்துகொண்டிருந்த ஒரு தலைவரின் வீட்டில் ஒரு பணியாளருடைய நாள் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்திருக்கும் என்று கேட்டுப் பார்ப்பதே ஆராய்ச்சிக்கான தொடக்கமாக இருக்கும். 1984 அக்டோபர் 31 அன்று காலை இந்திரா காந்தி சுடப்பட்டபோது அவருக்குப் பின்னால் நடந்துவந்தவர்களில் ஒருவர் வீட்டு உதவியாளரான நாதுராம். வழக்கில் நேரில் கண்ட சாட்சிகளில் ஒருவராக அவர் பெயர் இடம்பெற்றது. இப்படித்தான், சாவு வீட்டிலோ நீதிமன்றத்திலோ மட்டுமே இவர்களுடைய பெயர்கள் நம் கண்ணில் படுகின்றன.

இராஜாஜியின் மூன்று வீடுகளில் இரண்டாவது ஆசிரமம். அங்கே வேலையாள் என்று ஒருவர் இருக்கக் கூடாது, கழிப்பறையைக்கூட அவரவரே சுத்தம் செய்ய வேண்டும் என்பது காந்தியக் கொள்கை. சாதியின் வேரை அசைத்த கொள்கை அது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. புதுப்பாளையம் ஆசிரமத்தில் தாழ்த்தப்பட்ட சமூகத்தவரையும் சேர்த்துக்கொண்டதற்காகச் சுற்றுவட்டாரத்தில் எதிர்ப்புக் கிளம்பியதிலிருந்தே அது எவ்வளவு தூரம் போய்த் தைத்தது என்பது தெரியும். ஆனால் வேலையாளை நிறுத்திவிட்டால் அந்த வேலை யார் தலையில் விழுகிறது என்பதையும் கேட்டாக வேண்டும். டர்பனில் 1898-ல் தம் வீட்டில் தங்கியிருந்த எழுத்தர் ஒருவரின் கழிவுக் கலத்தைக் கஸ்தூரிபா மனமின்றி, கண்ணீரோடு எடுத்துச் சென்றதையும், அதை மகிழ்ச்சியோடு செய்ய வேண்டும் என்று தாம் சினந்து அவரைக் கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துச் சென்றதையும் காந்தியே வெட்கத்தோடு எழுதியிருக்கிறார். கொள்கையை வகுத்தவர் கணவர், கலத்தைத் தூக்கியவர் மனைவி. இராஜாஜிக்கு 1916 வாக்கிலேயே மனைவி இறந்துவிட்டார். இளம் வயதில் கணவரை இழந்த மகள் நாமகிரி பிற்காலத்தில் தந்தையின் வீட்டை நடத்தினார். தந்தை தலைமை ஆளுநராக இருந்தபோது மாளிகையில் விருந்தினரை வரவேற்கும் பொறுப்பும் அவருடையதே. அவருக்குச் சம்பளம் இல்லை, பதவி இல்லை. வீட்டுப் பணியாளர் வரலாறு எழுதும்போது இத்தகைய மகள்களையும் மருமகள்களையும் விட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது, சேலத்து வக்கீல் வீடு. இங்கேதான் நமக்குச் சான்றுகள் மிகக் குறைவு, இங்கேதான் தேடலும் தேவை. 1920-ல் நாகபுரியில் கூடிய காங்கிரசு மாநாட்டுக்குத் தலைமை வகித்த விஜயராகவாச்சாரியார் சேலத்தில் வாழ்ந்தவர். இராஜாஜியும் காங்கிரசுக்காகத் தொழிலை விடும்வரை இங்கே கைநிறையச் சம்பாதித்தவர். அந்தக் காலத்துச் சேலத்து மேல்சாதி வீடுகளின் அமைப்பே வேலையாட்களைச் சாதிவாரியாகப் பிரித்து நிறுத்தியது. சமையலறைக்குள் நுழைந்து சமைக்க அதே சாதிக்காரர் வேண்டும்; பெரும்பாலும் கணவரை இழந்த பெண்ணோ ஏழை உறவினரோதான் அடுப்படியில் இருப்பார். பத்துப்பாத்திரம் தேய்ப்பவர், சாணம் தெளித்து வாசல் பெருக்குபவர், மாட்டைப் பார்ப்பவர் எல்லோரும் பின்கட்டோடு நின்றுவிடுவார்கள். உலர் கழிப்பறையிலிருந்து மலத்தை எடுத்துப் போகிறவர் வீட்டுக்குள் கால் வைக்காமலே, கொல்லைப்புறச் சந்து வழியாக வந்து போய்விடுவார். அவர்களில் பலர் ஒரே வீட்டுக்கு உழைத்தும் ஒருவரையொருவர் பார்க்காமலே ஆண்டுகள் கடந்திருக்கும். இராஜாஜி நகராட்சித் தலைவராக இருந்தபோதுதான் சேலம் நகராட்சியில் தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த முதல் உறுப்பினர் இடம்பெற்றார். சபையில் இடம் கிடைத்த அந்தக் காலத்திலும் தெருவுக்குப் பின்னால் இருந்த சந்து மூடப்படவில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் முதல் மத்தியச் சட்டம் வர 1993 வரை ஆயிற்று.

ஏற்காட்டில் இந்த ஏற்பாடு வேறு உருவம் எடுத்தது. காபித் தோட்டத் துரைமார்கள் கட்டிய பங்களாக்களில் சமையற்கட்டு தனிக் கட்டடமாகவும், அதற்கும் பின்னால் வேலையாட்களின் அவுட்ஹவுஸும் இருக்கும். துரைமார்கள் போனபின் அந்தப் பங்களாக்கள் நம்மவர் கைக்கு வந்தன. கோடையில் தலைவர்களும் அமைச்சர்களும் வந்து தங்கினார்கள். அப்படி ஒரு பங்களாவில் இளம் வயதிலிருந்து முதுமைவரை வேலை செய்த ஓர் அம்மாவை எனக்குத் தெரியும். விருந்தினர் இருக்கும் நாட்களில் விடிகாலை நான்கு மணிக்கு விறகு பாய்லரைப் பற்றவைப்பது அவருடைய முதல் வேலை. ஈர விறகு புகைந்து கண் எரிந்தாலும் புகை முன்பக்கம் போகாதபடி சாக்கை நனைத்துக் கதவிடுக்கில் செருக வேண்டும் என்று எனக்குக் காட்டிக்கூடக் கொடுத்தார். அவருக்கான டம்ளர் சமையற்கட்டின் வெளிச்சுவரில் இருந்த மாடத்தில் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். பெரிய தலைவர் ஒருவர் வந்து தங்கிய நாட்களில் போலீஸ்காரர்கள் அவுட்ஹவுஸில் இருந்த எல்லோருடைய பெயரையும் எழுதிக்கொண்டார்கள் என்றும், தன் பெயரை ஒருவர் கேட்டு எழுதியது அதுவே முதல் தடவை என்றும் சொன்னார். ஊதியத்தை விட்டுத்தள்ளுங்கள், எங்களை வீட்டு மனுஷியாகத்தான் நடத்தினார்கள் என்று இன்றும் சொல்வார். அந்தப் பாசத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் பங்களா கைமாறியபோது வீட்டு மனுஷிக்கு ஒரு வாரத்தில் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

அறுபது வயது கடந்தபின் ஓய்வூதியத்துக்கு வழி உண்டா என்று அவருக்காகப் பார்த்தபோது, அவ்வளவு காலம் அங்கே வேலை செய்தார் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. தகரப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடியதில் மகனுடைய பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழ் கிடைத்தது. அதில் வீட்டு முகவரி என்ற இடத்தில் அந்தப் பங்களாவின் பெயரும் அவுட்ஹவுஸ் என்றும் எழுதியிருந்தது. அவருடைய உழைப்புக்கு உலகத்தில் இருக்கும் ஒரே எழுத்துச் சான்று அதுதான்.

இன்றைய நிலையையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 2007-ல் வீட்டுப் பணியாளர் நலவாரியம் அமைக்கப்பட்டது. 2018-ல் குறைந்தபட்சக் கூலி அறிவிக்கப்பட்டது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுப் பணியாளர்களையும் உள்ளடக்கியது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-ல் கொண்டுவந்த வீட்டுப் பணியாளர் உடன்படிக்கையை ஆதரித்து வாக்களித்த இந்தியா, அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. இவர்களுக்கெனத் தனிச் சட்டம் தேவையா என்று ஆராய ஒரு குழுவை அமைக்கும்படி உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. சேலத்தில் பேர்லேண்ட்ஸ், அழகாபுரம் பகுதி வீடுகளுக்கு வேலைக்குப் போகிற பெண்கள் இவற்றில் பலவற்றைக் கேள்விப்பட்டதே இல்லை. கேள்விப்பட்டவர்களும் தாங்கள் வேலை செய்வதற்கான சான்றில் வீட்டுக்காரரிடம் கையெழுத்துக் கேட்கத் தயங்குகிறார்கள். கேட்டால் வேலை போய்விடும் என்ற பயம்தான் காரணம். வீட்டுக்காரர் எவ்வளவு செல்வாக்குள்ளவரோ அவ்வளவு அதிகம் அந்தப் பயம்.

உங்கள் ஆய்வுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். தலைவர்களின் வாழ்க்கை வரலாறுகளில் இவர்களைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். பழைய குடும்பங்களில் வீட்டு வரவு செலவுக் குறிப்பேடுகள் பரணில் கிடக்கும். பால், விறகு, வண்ணான் கணக்குகளுக்கு நடுவே சமையல் ஆளுக்கும் தோட்டக்காரருக்கும் கொடுத்த தொகை எழுதப்பட்டிருக்கும். ஏற்காட்டுப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளில் தந்தையின் தொழில், முகவரி என்ற இரண்டு பத்திகளைப் பாருங்கள். மாதா கோவில் ஞானஸ்நானப் பதிவேடுகளில் பட்லர், ஆயா என்று தொழில் குறித்திருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வாக்காளர் பட்டியலில் ஒரு பெரிய வீட்டின் கதவு எண்ணில் குடும்பத்தாருக்குச் சம்பந்தமில்லாத பெயர்கள் கடைசியில் வந்தால், அவை பெரும்பாலும் வேலையாட்களின் பெயர்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், உயிரோடு இருப்பவர்களைப் போய்ப் பாருங்கள். கன்னங்குறிச்சியிலும் ஏற்காட்டுத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலும் எழுபது எண்பது வயதுப் பெண்கள் இருக்கிறார்கள். தலைவர் எப்படிப்பட்டவர் என்று அவர்களிடம் கேட்டால் எல்லோரும் சொல்லும் நல்ல வார்த்தைகளைத்தான் சொல்வார்கள். சம்பளத்தை யார் கையில் கொடுத்தார்கள், காய்ச்சல் வந்த நாளில் வேலையை யார் செய்தார்கள், பிள்ளை பிறந்தபின் எத்தனை நாளில் திரும்பி வரச் சொன்னார்கள், எங்கே உட்கார்ந்து சாப்பிட்டீர்கள், வேலையை விட்டு நின்றபோது கையில் என்ன கொடுத்தார்கள் என்று கேளுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டுவிட முயலாமல், அவர்கள் வேலை முடிந்து உட்காரும் பிற்பகல் நேரமாகப் பார்த்துப் போங்கள். பெயரை வெளியிடலாமா என்று அனுமதி கேட்டுவிட்டு, வேண்டாம் என்று சொன்னால் மாற்றுப் பெயரில் எழுதுங்கள். எழுதி முடித்ததை அவர்களுக்கே ஒருமுறை படித்துக் காட்டிவிட்டு, அதன்பின் துறையில் சமர்ப்பியுங்கள்.